இழிசொல்லும் சமூக நிலையும்: ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை முன்வைத்து

தமிழ்த் திரைப்படம் பார்க்கும் எவருக்கும் ‘வில்லன்’ யார் என்று விளக்க வேண்டியதில்லை. ஆயின், அச்சொல்லை நமக்கு வழங்கிய ஆங்கிலத்தில் அதன் மூலவடிவம் குறித்தது கொடியவனையன்று, உழவனை. பண்ணையைக் குறிக்கும் ‘வில்லா’ என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிரெஞ்சு வழி வந்த அது, மத்தியகால இங்கிலாந்தில் நிலப்பிரபுவின் நிலத்தோடு பிணைக்கப்பட்டு, அவன் வயலில் ஊதியமின்றி உழைக்கக் கடமைப்பட்ட குடியானவனின் பெயர். அந்நிலை மறைந்தது, பெயர் அயோக்கியனுக்கு உரியதாய் நிலைத்துவிட்டது. பண்பற்றவனைக் குறிக்கும் ‘பூர்’ என்பதும் விவசாயியைக் குறித்ததே. வஞ்சகனாகிய ‘நேவ்’ ஒரு காலத்தில் வெறும் ஏவற்சிறுவன். மறுபுறம், நற்குடிப் பிறப்பைச் சுட்டிய ‘நோபிள்’ உயர்குணத்தின் பெயராயிற்று.

சமூக நிலையைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிப்பனவாக மாறும் இப்போக்கினைச் சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட சொல்லாய்வு நூலில் எடுத்துக்காட்டினார். அவதானிப்பு சரியானதே. எனினும், ‘போக்கு’ என்று கூறி அமைந்துவிடின் ஒரு வினா எஞ்சுகின்றது. சொல் தானாகப் பொருள் மாறுவதில்லை. உழவனைப் பற்றி எழுதியவர் யார்? எழுதப்பட்டதை வாசிக்க இயலாதிருந்தவர் யார்?

அவ்வாறு வாசிக்க இயலாதிருந்தோர் வாசிக்கத் தொடங்கியபோது நிகழ்ந்ததை 1790களின் இங்கிலாந்து காட்டுகின்றது. எட்மண்ட் பேர்க் 1790இல் பிரெஞ்சுப் புரட்சி குறித்து எழுதிய நூலில், பிரபுக்களும் குருமாரும் வீழ்ந்தால் கல்வியும் சேற்றில் வீழ்ந்து பன்றித்தனமான ஒரு கூட்டத்தின் குளம்படியில் மிதிபடும் என அஞ்சினார். அவர் ‘ஒரு’ கூட்டத்தையே சுட்டினார், பொதுமக்கள் அனைவரையும் அன்று என வாதிடுவோர் உளர். இலக்கணம் அதற்கு இடந்தரலாம். உழைப்பாளர் அதனைத் தம்மீது வீசப்பட்டதாகவே கொண்டனர்.

அவர்கள் அச்சொல்லை மறுக்கவில்லை, எடுத்து அணிந்துகொண்டனர். இலண்டன் தெருவோரத்தில் சுடுபானமும் புத்தகமும் விற்ற தோமஸ் ஸ்பென்ஸ் 1793இல் ஒரு பென்னி விலையில் தொடங்கிய ஏட்டின் பெயர் ‘பன்றித் தீனி’. டானியல் ஐசாக் ஈற்றன் அதே ஆண்டில் தொடங்கியதோ ‘பன்றிக் கழுநீர்’. பெயரின் அங்கதத்தைப் பலரும் விதந்து கூறுவர். எனக்கு அதனினும் முக்கியமாகப் படுவது உள்ளடக்கம். ஸ்பென்ஸ் தம் வாசகருக்கு இட்ட தீனி ஹரிங்ரன், லொக், சுவிஃப்ற் முதலியோரின் எழுத்துப் பகுதிகள். எந்தக் கல்வி காலடியில் மிதிபடும் என்று பேர்க் அஞ்சினாரோ அதனையே அம்மக்கள் பென்னி கொடுத்து வாங்கிப் படித்தனர். அரசுக்கு இது விளங்கியிருந்தது போலும். 1794இல் ஸ்பென்ஸ் விசாரணையின்றிப் பல மாதங்கள் சிறையிடப்பட்டார். ஈற்றனும் பன்முறை நீதிமன்றம் ஏறினார்.

ஆங்கிலேயரின் ஆணவம் என்று இதனை ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. விலக்கப்பட்டவனைக் குறிக்க ஆங்கிலம் இன்றும் வழங்கும் ‘பரையா’ பறையர் என்னும் தமிழ்ச் சாதிப்பெயரின் திரிபு. அதனை இழிசொல்லாக்குவதற்கு ஐரோப்பியர் பெரிதும் முயல வேண்டியிருக்கவில்லை. இழிவு ஆயத்தமாகவே கிடைத்தது. ‘இழிசனர் வழக்கு’ என்பது நம் மரபிலக்கண உலகின் தொடரே. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், ஒடுக்கப்பட்டோரின் பேச்சைப் படைப்பில் கையாண்டோருக்கு எதிராக அத்தொடர் எடுத்தாளப்பட்டது. பேர்க்கைப் போலவே அவ்வாறு எழுதியோரும் கல்வியைக் காப்பதாகவே கருதினர். அவர்தம் மொழிப்பற்றை நான் ஐயுறவில்லை. ஆனால் அவ்வாறு இகழப்பட்ட அணியைச் சேர்ந்த டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது, அது வெளிவந்தது ஒரு சிகையலங்கார நிலையத்திலிருந்து.