கற்றல் பாணியா, குலக்கல்வியா?

கண்ணால் கற்போர், காதால் கற்போர், கையால் கற்போர் எனப் பிள்ளைகளைக் கூறுபோடும் 'கற்றல் பாணி'க் கோட்பாடு ஆசிரியப் பயிற்சி ஏடுகளில் அரியணை ஏறி அமர்ந்திருக்கிறது. பாணி பார்த்துப் பாடம் நடத்தினால் பயன் மிகும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று பாஷ்லர் முதலிய உளவியல் அறிஞர்கள் 2008-லேயே ஆராய்ந்து அறிவித்தனர். அரியணையோ ஆடவில்லை!

சான்றற்ற கொள்கை என்பதோடு போயிருந்தால் நாமும் நகைத்துவிட்டு நகர்ந்திருப்போம். கோவைக்கு மேற்கே, ஆனைகட்டி மலைச்சாரலில் வாழும் இருளர் வீட்டுச் சிறுமியைக் காட்டி, "இவள் கையால் கற்பவள், வாய்பாடும் சமன்பாடும் இவளுக்கெதற்கு?" என்று ஆசிரியர் ஒருவர் முடிவு கட்டினால், அது எந்தக் கடைச் சரக்கு? பள்ளியில் பாதிநாள், அப்பன் தொழிலில் மீதிநாள் என்று 1953-இல் ஆச்சாரியார் கொணர்ந்த பழைய சரக்கன்றோ! 1954-இல் காமராசர் ஆட்சி தூக்கி எறிந்ததை, உளவியல் உறையிட்டு மீண்டும் விற்பதா?

பண்பாட்டை மதிக்கும் அறிவியல் போதனை வேறு. மலைத்தேன் எடுப்போர் புகை போடுவதேன்? கொட்டும் தேனீ, தன் கூட்டத்தைத் திரட்ட ஒரு மணத்தை விடுகிறது. புகை அதை மறைக்கிறது. 1962-இல் இனங்காணப்பட்ட அந்த மணப்பொருள் ஐசோபென்டைல் அசிட்டேட் என்னும் எஸ்டர். வாழைப்பழத்தில் மணப்பதும் அதுவே. (பழனிப் பஞ்சாமிர்தத்தில் தெய்வம் மணக்கிறதென்போர் கவனிக்க!) எஸ்டர் பாடத்துக்கு இதனினும் நல்ல வாயில் ஏது?

ஆனால், தேன் கதையோடு மணியடித்துவிடுவதை நாம் ஏற்கமாட்டோம். அந்த எஸ்டரின் வாய்பாட்டை அச்சிறுமி கரும்பலகையில் எழுத வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் அவள் கைக்கு வர வேண்டும்.