பாபரின் தோட்டத்துச் செவ்வலரி

பாபர் நாமாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு பகுதியையே எடுத்துக்காட்டுகின்றனர். இந்துஸ்தானில் நல்ல திராட்சையில்லை, முலாம்பழமில்லை, தோட்டங்களில் ஓடும் நீரில்லை என அவர் குறைப்பட்டுக்கொள்ளும் பகுதி அது. அதைக் கொண்டே அவரை இம்மண்ணில் ஒட்டாத அந்நியரெனத் தீர்ப்பிடுவது அரைகுறை வாசிப்பாகும்.

1526இல் ஆக்ராவை அடைந்தவர், யமுனைக் கரையில் கிணறு வெட்டிச் சீரான தோட்டங்களை அமைத்தார். அப்பகுதியை மக்கள் ‘காபூல்’ என்றே அழைத்ததாக அவரே எழுதுகிறார். எனினும் அத்தோட்டம் காபூலாகவே நின்றுவிடவில்லை. 1528இல் குவாலியரில் கண்ட செவ்வலரியில் மனம் பறிகொடுத்து, அதைக் கொணர்ந்து ஆக்ராவில் நடச் செய்தார். செம்பருத்தியையும் தாழையையும் அவர் வருணிக்கும் நுணுக்கம் வெறுப்பில் பிறப்பதன்று. (மாம்பழத்தைப் புகழ்வதில் மட்டும் சற்றே கஞ்சத்தனம்!)

1529இல், முலாம்பழமொன்றை அறுத்துண்டபோது கண்ணீர் பெருகியதாக, இந்துஸ்தானை விட்டுச் சென்றுவிட்ட தோழர் குவாஜா கலானுக்குக் கடிதம் எழுதுகிறார். அதே ஆண்டில், பல்க் நாட்டுத் தோட்டக்காரரைக் கொண்டு ஆக்ராவில் விளைவித்த முலாம்பழத்தையும் அங்கு காய்த்த திராட்சையையும் கண்டு மனம் நிறைந்ததாகவும் பதிவு செய்கிறார். கண்ணீரை மேற்கோள் காட்டுவோர் இந்த விளைச்சலைக் கடந்துபோய்விடுகின்றனர்.