நீர்மூழ்கியின் காதுகள்: ஒரு கணிப்பொறி விளையாட்டின் மெய்யும் பொய்யும்

குளத்தில் தலை முழுக அமிழ்ந்திருக்கிறோம். சற்றுத் தள்ளி நண்பன் ஒருவன் நீருக்குள் இரண்டு கூழாங்கற்களைத் தட்டுகிறான். 'டக்' என்ற ஓசை மிகத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அது எத்திசையிலிருந்து வந்தது என்று கேட்டால் திகைத்துப் போவோம். தலைக்குள்ளேயே யாரோ தட்டியது போலிருக்கும்.

காரணம் எளியது. நம் இரு செவிகளுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 20 சென்டிமீட்டர். பக்கவாட்டில் எழும் ஓசை ஒரு செவியை முதலிலும் மற்றதைச் சற்றுப் பிந்தியும் அடைகிறது. இந்தக் கால வேறுபாட்டைக் கொண்டே மூளை பெரும்பாலும் திசையை அறிகிறது. காற்றில் ஒலி விநாடிக்கு 340 மீட்டர் செல்வதால் இவ்வேறுபாடு ஒரு விநாடியைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஆறு கூறு ஆகும். நீரிலோ ஒலியின் வேகம் விநாடிக்கு 1,500 மீட்டர். வேறுபாடு ஒரு கூறுக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடுகிறது. மூளை ஏமாறுகிறது.

ஆகவே கடலுக்குள் திசை அறிய வேண்டுமானால் காதுகள் ஒன்றுக்கொன்று விலகி இருக்க வேண்டும். எண்ணிக்கையும் கூட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் இருந்த கூட்டு ஒலிகேட்புக் கருவி இத்தத்துவத்தின்படி அமைந்ததே. கப்பலின் முன்பகுதியில் ஒரு பக்கத்துக்கு 24 வீதம் ஹைடிரோபோன்கள், அதாவது நீருக்குள் ஒலியை வாங்கும் கருவிகள், பொருத்தப்பட்டிருந்தன. உள்ளே அமர்ந்திருக்கும் மாலுமி ஒரு சக்கரத்தைத் திருப்புவார். ஒவ்வொரு ஹைடிரோபோனிலிருந்து வரும் மின் குறிப்பும் தக்க அளவு தாமதப்படுத்தப்படும். ஒரு திசையிலிருந்து வரும் ஒலிகள் மட்டும் ஒன்றுகூடி ஓங்கி ஒலிக்கும், மற்றவை மங்கும். சக்கரம் நிற்கும் பாகையே கப்பல் இருக்கும் திசை. 1941 மே 24 அன்று காலை 5 மணியளவில், ஜெர்மானியப் போர்க்கப்பலான பிரின்ஸ் ஆய்கன் இத்தகைய கருவியின் துணையால்தான் விரைந்து வரும் இரு கப்பல்களின் டர்பைன் ஓசையைச் சுமார் 20 கடல் மைல் தொலைவிலேயே கேட்டது. அவை பிரிட்டனின் ஹூட், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்பவை.

இந்தச் சக்கரத்தை நம் கையிலேயே கொடுக்கும் கணிப்பொறி விளையாட்டு ஒன்று உண்டு. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ருமேனியக் கிளை உருவாக்கி 2005இல் வெளிவந்த 'சைலன்ட் ஹன்டர் 3' என்பது அது. 1939 முதல் 1945 வரை அட்லாண்டிக் கடலில் ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கிக்கு நாம் தலைவர். ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் பணியாற்றியவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் உயிரோடு திரும்பவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதை ஆடுவது நல்லது. வெளிவந்து இத்தனை ஆண்டுகளாகியும் இதை மெய்ம்மைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர் பலர். ஒலி பற்றிய அளவில் அந்தப் புகழ் எவ்வளவு தகும் என்று பார்ப்போம்.

பாராட்ட வேண்டியவை பல. நீர்ப்பரப்பின் மேல் செல்லும்போது ஹைடிரோபோனால் பயனில்லை. மூழ்கினால்தான் கேட்கலாம். உண்மையிலும் டீசல் இயந்திரத்தின் பேரிரைச்சலில் வேறெதுவும் கேட்காது. மூடுபனியிலும் இருளிலும் தலைவர்கள் அவ்வப்போது மூழ்கி, இயந்திரத்தை அடக்கி, காது கொடுத்துக் கேட்டார்கள். கண்ணுக்கு எட்டாதது காதுக்கு எட்டியது. விளையாட்டிலும் அதையே செய்யப் பழகிக்கொள்கிறோம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால் வணிகக் கப்பலின் புரொப்பெல்லர் நிதானமாக 'தப் தப்' என்று அடிப்பதையும், நாசகாரிக் கப்பலின் விரைந்த சீற்றத்தையும் சில நாட்களிலேயே வேறுபடுத்திவிடலாம்.

எதிரியின் சோனாரைப் பற்றிய பகுதியும் பெரும்பாலும் சரியே. பிரிட்டிஷார் ஆஸ்டிக் என்று அழைத்த அக்கருவி ஒலித் துடிப்பை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. 1,500 மீட்டர் தொலைவில் நாம் இருந்தால் துடிப்பு போய்த் திரும்ப 2 விநாடி. ஆனால் அக்கற்றை முன்னோக்கியது. கப்பல் நம் தலைக்கு மேல் வந்துவிட்டால் நாம் கற்றைக்கு அடியில் மறைந்துவிடுகிறோம். ஆழ்நீர்க் குண்டு 100 மீட்டர் இறங்க அரை நிமிடத்துக்கு மேலாகும். அந்த அவகாசத்தில் திரும்பி ஓடலாம். 1943இல் ஆழத்தையும் அளக்கும் 147ஆம் வகைக் கருவி வந்தபின் இந்த நம்பிக்கை குறைந்தது. விளையாட்டிலும் ஆண்டு ஏற ஏற எதிரியின் கருவிகள் மாறுகின்றன. நம் ஆயுள் சுருங்குகிறது.

இனிக் குறைகளுக்கு வருவோம். விளையாட்டின் தொடக்கத்தில் மெய்ம்மையின் அளவை நாமே தேர்ந்தெடுக்கலாம். வசதிகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் விழுக்காடு ஏறி, இறுதியில் 100 என்று காட்டும். நூற்றுக்கு நூறு! பரீட்சையில் வாங்கியது போல் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண் அளப்பது எதை? ஆட்டக்காரர் எத்தனை உதவிகளை மறுத்தார் என்பதை மட்டுமே. கடல் எந்த அளவுக்குக் கடலாக இருக்கிறது என்பதை அது அளக்கவில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் இது விளங்கும். 1930களில் அமெரிக்கக் கடற்படையின் செம்ஸ் என்ற கப்பலில் சோனாரைச் சோதித்து வந்தார்கள். காலையில் நன்றாக வேலை செய்த கருவி பிற்பகலில் மழுங்கியது. மதிய உணவுக்குப் பின் மாலுமிகளுக்கு உறக்கம் வருகிறது போலும் என்று கூடச் சிலர் எண்ணியதாகச் சொல்வதுண்டு. உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தின் கொலம்பஸ் இசெலினிடம் இந்தப் புதிர் வந்தது. 1937இல் செம்ஸும் ஆராய்ச்சிக் கப்பலான அட்லாண்டிஸும் கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடா அருகே சேர்ந்து சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. குற்றவாளி மாலுமி அல்லர், சூரியன்!

வெயிலில் மேல்நீர் சற்றே சூடாகிறது. ஒலி, சூடான நீரில் விரைந்தும் குளிர்ந்த நீரில் மெதுவாகவும் செல்லும். வேகம் குறைந்த பக்கமாக வளையும். 10 மீட்டர் ஆழத்துக்குள் வெப்பநிலை 1 டிகிரி குறைவதாகக் கொள்வோம். வேகத்தில் ஏற்படும் மாறுதல் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர்தான். ஆனால் மேற்பரப்பை ஒட்டிக் கிடையாகப் புறப்படும் ஒலிக்கதிர் சுமார் 300 மீட்டர் செல்வதற்குள் அந்தப் 10 மீட்டரையும் இறங்கி, மேலும் கீழ்நோக்கிச் சாய்ந்துகொண்டே போகும். அதற்கப்பால் மேல்நீரில் ஒரு 'நிழல்' விழுகிறது. அங்கிருப்பது கப்பலே ஆயினும் கருவிக்கு அது இல்லாததே. இதன்பின் ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையைப் பதிக்கும் கருவியை ஏதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் செம்மைப்படுத்தினார். போர்க்காலத்தில் அது அமெரிக்க நீர்மூழ்கிகளிலும் இடம்பெற்றது. குளிர்ந்த அடுக்குக்குக் கீழே ஒளிந்துகொள்வது ஒரு கலையாயிற்று.

நம் விளையாட்டிலோ நீரின் வெப்பநிலையை அளக்க வழியில்லை; அடுக்கைக் கடந்தோம் என்று எந்த மாலுமியும் சொல்வதில்லை. அலையும் வேகமும் கேட்கும் திறனைக் குறைக்கின்றன என்பது உண்மைதான். விளையாட்டின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் அவற்றுக்கான எண்களையே காணலாம். ஆனால் ஆட்டக்காரரின் அனுபவத்தில் கடல் முழுவதும் ஒரே நீர். கப்பல் ஒரு வட்டத்துக்குள் வந்தால் கேட்கும், வெளியே போனால் கேட்காது என்ற எண்ணமே மனத்தில் பதிகிறது. எனக்கு இது பெருங்குறையாகப் படுகிறது. உண்மைக் கடலில் மௌனத்துக்கு இரண்டு பொருள் உண்டு: ஒன்று, கப்பல் இல்லை, மற்றது, கப்பல் இருக்கிறது, ஒலிதான் வந்து சேரவில்லை. எது என்று அறியாமல்தான் தலைவர் மேலே எழும்ப உத்தரவிட்டார். அந்தத் திகில் இதில் இல்லை.

இரண்டாவது குறை ஒலி கேட்கும் மாலுமியின் அறிக்கை. 'வணிகக் கப்பல், மெதுவாக நெருங்குகிறது, நெடுந்தொலைவு' என்று அவர் தயங்காமல் சொல்லிவிடுகிறார். திசையைச் சொல்லட்டும், இனத்தையும் சொல்லட்டும். தொலைவை எப்படிச் சொன்னார்? அருகில் செல்லும் சிறு கப்பலும் தூரத்தில் செல்லும் பெரிய கப்பலும் ஒரே உரப்பில் ஒலிக்கலாம். அனுபவத்தால் ஊகிக்கலாம், ஊகம் பிழைக்கவும் பிழைக்கலாம். இவருக்கோ பிழைப்பதாகத் தெரியவில்லை. இத்தகைய ஒருவர் உண்மையில் கிடைத்திருந்தால் எந்தக் கடற்படையும் விட்டிருக்காது!

அடுத்து வந்த 'சைலன்ட் ஹன்டர் 4' (2007) வெப்ப அடுக்கைச் சேர்த்துக்கொண்டது. கடக்கும்போது மாலுமி அறிவிக்கவும் செய்கிறார். ஆனால் அங்கும் அடுக்கு ஒரு திரைச்சீலை போன்றதே. தாண்டினால் ஒலி குறைகிறது, கதிர் வளைவதில்லை. இவற்றைவிட நெடுந்தூரம் சென்றது சோனலிஸ்ட்ஸ் நிறுவனம் உருவாக்கி 2005இல் வெளிவந்த 'டேஞ்சரஸ் வாட்டர்ஸ்'. இது தற்காலக் கப்பல்களைப் பற்றியது. ஆழத்துக்கு ஆழம் ஒலியின் வேகம் எவ்வாறு மாறுகிறது என்பதை அளந்து பார்த்துத்தான் நம் ஆழத்தைத் தீர்மானிக்க வேண்டும். பின்னால் இழுத்துச் செல்லும் ஹைடிரோபோன் வரிசை ஒரே கப்பலை இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டாகக் காட்டுகிறது. நேர்கோட்டில் அமைந்த காதுகளுக்கு இடம் வலம் தெரியாது என்பது இயற்கை விதி. நாம் திரும்பினால்தான் பொய்யானது விலகும். ஆனால் இது தொடக்கக்காரரை மிரட்டும். கையேட்டைப் படிக்கவே பொறுமை வேண்டும்.

மாணவர் ஒருவர் கேட்டால் சைலன்ட் ஹன்டர் 3ஐயே முதலில் சொல்வேன், ஒரு நிபந்தனையுடன். வரைபடத்தில் தானாகத் தோன்றும் கோடுகளை நிறுத்திவிட வேண்டும். மாலுமி சொல்லும் தொலைவைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. நீர்மூழ்கியை நிறுத்தி, சம இடைவெளிகளில் மூன்று முறை கப்பலின் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை மூன்றும் தொலைவைத் தரமாட்டா. 10 கிலோமீட்டரில் 10 நாட் வேகத்தில் செல்லும் கப்பலும், அதே போக்கில் 20 கிலோமீட்டரில் 20 நாட் வேகத்தில் செல்லும் கப்பலும் அதே மூன்று திசைகளைத்தான் காட்டும். எனவே அங்கிருந்து சில கிலோமீட்டர் விலகிச் சென்று நான்காவது திசையை அளக்க வேண்டும். இப்போது கோடுகள் ஓரிடத்தில் பொருந்தும்; தொலைவு, வேகம், போக்கு மூன்றும் கிடைக்கும். ஆட்டக்காரர்கள் நான்கு திசை முறை என்று வழங்கும் இக்கணக்குக்குக் கிராஃப் தாளும் அளவுகோலும் கோணமானியும் போதும். பொழுது நிறையப் பிடிக்கும். இடையில் கப்பல் போக்கை மாற்றிவிட்டால் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.