பங்காளிக் காய்ச்சலும் படுகளமும்

கொங்கு வீரக் கதைகளில் பகை வெகுதூரத்திலிருந்து வருவதில்லை. ஒரே பாட்டன் வழியில் வந்தவன், வரப்புக்கு அந்தப்பக்கம் உழுகிறவன், அவனுடைய வயிற்றெரிச்சலில்தான் கதை கிளம்புகிறது. 1590-இல் வெளிவந்த ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சரின் 'ஃபேரி குவீன்' காவியத்தில் பொறாமை ஓநாய்மீது ஏறி ஊர்வலம் போகிறது. கதைநாயகனான செஞ்சிலுவை வீரன் அதில் ஒட்டாமல் ஒதுங்கி நிற்கிறான். நம் கதைகளில் ஒதுங்கி நிற்க இடமே கிடையாது. 1485-இல் அச்சான மாலரியின் ஆர்தர் கதைதான் நமக்கு நெருக்கம். அங்கே ஆர்தரின் வட்டமேசை வீரர் கூட்டத்தைச் சிதைப்பவர்களில் முன்நிற்பவர்கள் அரசனின் இரத்த உறவுகளே.

உடுமலைப் பக்கம் முதிரமலையை ஆண்ட குமணன் இதற்குப் பழைய சான்று. தம்பி இளங்குமணன் நாட்டைப் பறித்துக்கொண்டு அண்ணன் தலைக்கு விலையும் வைத்தான். காட்டுக்குத் தேடிவந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க ஒன்றுமில்லாத குமணன், தலையை வெட்டிக்கொண்டுபோய்ப் பொருள் பெறட்டும் என்று வாளை நீட்டினான். புறநானூற்றின் 165-ஆம் பாட்டு இந்தக் கொடையைக் கொண்டாடுகிறது. தம்பியின் மனசுக்குள் என்ன புகைந்தது என்பதை அது தொடவில்லை.

அதைத் தொட்டது உடுக்கைப் பாட்டு. அண்ணன்மார் கதை, குன்னுடையா கவுண்டன் கதை, பொன்னர் சங்கர் கதை என எந்தப் பெயரில் பாடினாலும் அதன் முதல் பாதி முழுக்கப் பங்காளிக் காய்ச்சல்தான். சிறு வயதில் பெற்றோரை இழந்த குன்னுடையானைப் பங்காளிகள் பாடாய்ப் படுத்துகிறார்கள். அவன் வாழவந்தி நாட்டுக்கு ஓடி, பண்ணையத்தில் வேலை பார்த்து, அந்த வீட்டுப் பெண் தாமரையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறான். விதைக்குப் பங்காளிகளிடமே கையேந்த வேண்டிய நிலை. அவர்கள் வறுத்த விதையைக் கொடுக்கிறார்கள்.

ஒரு குடியானவன் இன்னொரு குடியானவனுக்கு இதைவிடப் பெரிய கேடு செய்துவிட முடியாது. இல்லையென்று சொல்லியிருந்தால் வேறு வாசலுக்குப் போயிருப்பான். கொடுத்ததுபோல் கொடுத்து அவன் உழைப்பையும் மண்ணின் ஈரத்தையும் பருவத்தையும் சேர்த்தே அழிக்கப் பார்க்கிறார்கள். தெய்வ அருளால் விதை முளைத்துவிட, எரிச்சல் அடுத்த தலைமுறைக்குப் பாய்கிறது. தாமரைக்குப் பிறக்கப்போகும் ஆண் பிள்ளைகளைக் கொல்ல மருத்துவச்சியையே ஏவுகிறார்கள். அதில் தப்பிய பிள்ளைகளே பொன்னரும் சங்கரும், தங்கைக்கு அண்ணன்மார்.

இந்தக் கதையைப் பற்றிய ஆய்வுக்கு இரண்டு தூண்கள். ஒன்று, கவிஞர் சக்திக்கனல் 1971-இல் பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை'. மற்றொன்று, 1965-இல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் செய்த ஒலிப்பதிவு. ஒரு பாடகர் ஊரார்முன் பாடியதை அவர் பதிவு செய்ததோடு, அதே பாடகர் சொல்லச் சொல்ல எழுதிய வடிவத்தையும் பெற்றார். இரண்டையும் ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 1982-இல் வந்தது. கதைக்குப் பரவலான புகழ் தந்தவை மு. கருணாநிதியின் நாவலும், 2011-இல் தியாகராஜன் இயக்கிய திரைப்படமும். ஆனால் திரையில் நாயகர்கள் அப்பழுக்கில்லாதவர்களாகிவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பு.

ஏனென்றால் உடுக்கைப் பாடகர்கள் தங்கள் தெய்வங்களின் குறையை மறைக்கவே இல்லை. தங்கை ஆசைப்பட்டாள் என்பதற்காக வேட்டுவர் காட்டுக்குள் புகுந்து கிளி பிடித்து வருகிறார்கள் அண்ணன்மார். ஜோடியைப் பிரிந்த கிளி வேட்டுவர்களிடம் போய் முறையிடுகிறது. அவர்கள் ஏவிய கொம்பன் என்ற காட்டுப்பன்றி அண்ணன்மாரின் வயல்களைச் சூறையாடி, கடைசியில் சண்டை மூள்கிறது. பிறர் பொருளுக்கு ஆசைப்பட்ட பங்காளிகளால் வதைபட்ட வீட்டில் பிறந்தவர்களே பிறர் காட்டுப் பொருளை எடுக்கிறார்கள். சங்கரின் முன்கோபமும் கட்டிய மனைவியரை அண்ணன்மார் தள்ளியே வைத்ததும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. வீரமும் மானமும் உள்ளவர்கள்தான், ஆனாலும் அடுத்தவன் இழப்பு அவர்கள் கண்ணில் படவில்லை.

இந்த அண்ணன்மாருக்கு மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசித் திருவிழா நடக்கிறது. படுகளச் சடங்கில் விழுந்து கிடப்பவர்கள், சண்டையில் விழுந்த அண்ணன்மாரைத் தங்கை எழுப்பியதுபோல எழுப்பப்படுகிறார்கள். அங்கே கூடுகிறவர்கள் ஒரே சாதியார் அல்லர். நாயகர்களின் தோழன் சாம்புவனைத் தங்கள் ஆளாக நினைக்கிறவர்கள், வேட்டுவர் வழி வந்தவர்கள், பங்காளி வீட்டார் என ஒவ்வொரு தரப்பும் இதே கதையை எந்த இடத்தில் தொடங்குகிறது, யாரைக் குற்றம் சொல்கிறது என்பதைக் கேட்டுப் பதிய வேண்டும். நாயகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே போதிய அளவு கேட்டாகிவிட்டது. அடுத்த ஆய்வு காட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.