தெகார்த்தோடு ஆறு நாள்

மேலைத் தத்துவத்தை எந்த நூலிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ரெனே தெகார்த்தின் ‘தியானங்கள்’. 1641-இல் லத்தீன் மொழியில் வெளிவந்த சிறிய நூல். மொத்தம் ஆறு தியானங்கள். தன்னோடு கூடவே யோசிக்க மனமில்லாதவர்கள் இதைப் படிக்க வேண்டாம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார் ஆசிரியர். ஆகவே, முடிவைத் தேடி ஓடாதீர்கள். அவர் செய்வதை நீங்களும் செய்து பாருங்கள்.

நாளுக்கு ஒரு தியானம் போதும். நூலின் நடையும் அதுதான்: நேற்றைய சந்தேகங்கள் கிளப்பிவிட்ட கலக்கத்தோடுதான் இரண்டாம் தியானமே தொடங்குகிறது. முதல் நாள், ஒவ்வொரு சந்தேகமும் எதை வீழ்த்துகிறது, எது தப்புகிறது என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கணப்பருகே உட்கார்ந்திருப்பது கனவாகவே இருக்கலாம் என்கிறார். கனவிலும் இரண்டும் மூன்றும் ஐந்துதானே? கணிதம் தப்பித்தது. அடுத்து, எல்லாம் வல்ல ஏமாற்றுக்காரன் ஒருவனைக் கற்பனை செய்கிறார். கணிதமும் ஆட்டம் காண்கிறது.

இரண்டாம் நாள் மெழுகு. தேனடையிலிருந்து எடுத்த புது மெழுகில் தேனின் சுவை இருக்கிறது, பூமணம் இருக்கிறது, தட்டினால் ஒலிக்கிறது. நெருப்பருகே கொண்டுபோனால் சுவை, மணம், நிறம், வடிவம், ஒலி எல்லாம் போய்விடுகின்றன. இருந்தும் அதே மெழுகு என்கிறோம். எதை வைத்துச் சொல்கிறோம்? கண்ணை வைத்தா, அறிவை வைத்தா? அவர் விடையைப் படிக்குமுன் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் விடையை எழுதுங்கள்.

மூன்றாம் தியானம் கடினம். கடவுள் உண்டு என்பதற்கான வாதம் பழைய கலைச்சொற்களால் நிரம்பியது. முதல் வாசிப்பில் வாதத்தின் போக்கு பிடிபட்டால் போதும்.

பதிப்பு வாங்கும்போது மறுப்புகளும் பதில்களும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கையெழுத்துப் பிரதியை அறிஞர்களுக்கு அனுப்பி, அவர்களின் மறுப்புகளையும் தன் பதில்களையும் நூலோடு சேர்த்தே அச்சிட்டார் தெகார்த். தெளிவாக அறிவதை நம்பலாம் என்பதற்குத் தெகார்த்துக்குக் கடவுள் சாட்சி. கடவுள் உண்டு என்பதற்குத் தெளிவான அறிவு சாட்சி. இது வட்டமாகச் சுற்றவில்லையா என்று கேட்டார் அந்த அறிஞர்களில் ஒருவரான அர்னோ. நூல் வெளிவந்த பிறகும் கேள்விகள் வந்தன: மனமும் உடலும் வேறு வேறு என்றால், உடலற்ற மனம் உடலை எப்படி அசைக்கும் என்று 1643-இல் கடிதம் எழுதிக் கேட்டார் பொஹீமிய இளவரசி எலிசபெத். அந்தக் கேள்விக்குத் தத்துவ உலகம் இன்னும் ஒருமித்த பதில் சொல்லவில்லை.

ஆறாம் தியானம் முடிந்ததும் உங்கள் மறுப்பையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எதிர்வாதம் செய்பவரைத்தான் இந்த நூல் தன் வாசகராக எதிர்பார்க்கிறது.