நோய் கடத்தியா, பண்புடையவரா?

கலைச்சொல் பிழைபட்டால் நூல் பிழைபடும், அவ்வளவே என்று எண்ணுவோர் உளர். மருத்துவக் கலைச்சொல் பிழைபட்டாலோ குடும்பமே அல்லற்படும். மரபுவழி நோய்களைப் பற்றித் தமிழில் வழங்கும் சொற்களை இந்நோக்கில் ஆராய்தல் நலம்.

மலேசியாவில் படிவம் நான்கு மாணவர்க்குத் தலசீமியா இரத்தச் சோதனை 2016இல் தொடங்கப்பெற்றது. மெர்சிங் நகரத்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் தோட்டப்புறப் பிள்ளைகளும் இதற்குரியவர்களே. சோதனை முடிவில் ‘பெம்பாவா’ என்னும் மலாய்ச்சொல் இருந்தால், அதன் பொருள் யாதென்று பெற்றோர் கேட்பது தமிழாசிரியரையே. ‘கொண்டுவருபவர்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஆசிரியர் தமிழ் நூல்களைப் புரட்டுகிறார். ‘நோய் கடத்தி’ என்று காண்கிறார். அதனையே சொல்லி அனுப்புகிறார். பதினாறு வயதுப் பெண்ணொருத்தி அன்று மாலை முதல் தன் வீட்டாருக்கு ‘நோய் கடத்தி’ ஆகிவிடுகிறாள்.

அவளிடம் உண்மையில் உள்ளது யாது? இரத்தச் சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உண்டாவதற்கு மரபணுக்கள் துணைசெய்கின்றன. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொரு மரபணுவும் இரட்டையாய் அமைகிறது. பீட்டா வகைத் தலசீமியாவில், அவ்விரண்டனுள் ஒன்று மட்டும் குறைபட்டவருக்குப் பெரும்பாலும் துன்பம் எதுவும் இல்லை. சிறிது சோகை இருக்கலாம். இரண்டும் குறைபட்டுப் பிறக்கும் குழந்தைக்கே கடுமையான நோய். அக்குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலிற் சேரும் மிகை இரும்பை மருந்தால் வெளியேற்றவும் வேண்டும். ஆகவே அப்பெண் நோயாளியும் அல்லள். எவருக்கும் நோயைப் பரப்புபவளும் அல்லள்.

இனிச் சொல்லை நோக்குவோம். மலேரியாவைப் பரப்பும் கொசுவையும் தமிழ் நூல்கள் ‘நோய்க்கடத்தி’ என்றே குறிக்கின்றன. செய்தித்தாளைப் படிப்பவர்க்குக் ‘கடத்தல்’ என்றதும் நினைவுக்கு வருவது கள்ளக்கடத்தலே. கொசுவுக்கும் கள்வனுக்கும் உரிய சொல்லை ஒரு மாணவிக்குச் சூட்டுவது எவ்வாறு பொருந்தும்? ‘காவி’, ‘தாங்கி’ என்பாரும் உளர். இவை சற்று மென்மையானவை. ஆயினும் ‘நோய்’ என்னும் முன்னொட்டு நீங்காதவரை குற்றமும் நீங்காது. இல்லாத நோயை உள்ளதாகக் காட்டுவதே இச்சொற்களின் முதற்பிழை.

‘குலநோய்’, ‘பரம்பரை வியாதி’ என்பன இன்னும் கொடியவை. இவை ஒரு குடும்பத்தை, பல வேளைகளில் தாய் ஒருத்தியை மட்டும், குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. தலசீமியா நோயோடு குழந்தை பிறப்பதற்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபட்ட மரபணு வந்திருத்தல் வேண்டும். பழியைத் தாய்வழிக்கு மட்டும் எழுதிவைப்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

நோயை ஓர் இனத்தோடு பிணைத்துப் பெயரிடும் தவறு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ‘தலசீமியா’ என்பதிலுள்ள ‘தலசா’ கிரேக்க மொழியிற் கடலைக் குறிக்கும். அமெரிக்க மருத்துவர் கூலி 1925இல் விளக்கிய இந்நோய்க்கு 1932இல் இப்பெயர் வந்தது. அன்று அறியப்பட்ட நோயாளிகள் மத்தியதரைக் கடலோர மக்களின் வழியினராய் இருந்தமையே காரணம். ஆனால் 1950களின் இறுதியில், படைப்பணிக்காக மலாயாவுக்கு வந்த இளம் மருத்துவர் டேவிட் வெதரால், கூர்க்கா வீரர் ஒருவரின் குழந்தையிடம் இந்நோயைச் சிங்கப்பூரிற் கண்டறிந்தார். அக்கடலுக்கும் இமயமலை நாட்டுக் குழந்தைக்கும் என்ன தொடர்பு? அவரும் பிராங்க் வெல்லாவும் 1960இல் வெளியிட்ட கட்டுரை அக்குடும்பத்தைப் பற்றியதே. அதுபோன்றே, ஆப்பிரிக்கருக்கு உரியதாகக் கருதப்பட்ட அரிவாள் வடிவ அணுவை 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டனர். மரபணு குலமும் எல்லையும் பார்ப்பதில்லை, பெயரிட்டவர்களே பார்த்தனர்.

அங்ஙனமாயின் தக்க சொல் யாது? ‘தலசீமியப் பண்புடையவர்’ என்பது பொருந்தும். உயிரியற் பாடநூல்களில் ‘ஓங்கு பண்பு’, ‘ஒடுங்கு பண்பு’ என்னும் வழக்கு முன்னரே வேரூன்றியுள்ளது. பண்பு என்பது நற்குணத்தையும் குறிக்குமே, மயக்கம் நேராதோ என்று சிலர் தடை எழுப்பலாம். ‘தலசீமிய’ என்னும் அடை அம்மயக்கத்தைத் தடுக்கும். சிறிது பெருமை அச்சொல்லில் ஒட்டியிருப்பினும் தவறில்லை. இப்பண்புடையோர் மலேரியாவை எதிர்த்து நிற்க வல்லவர் ஆகலாம் என்று ஹால்டேன் 1949இல் கருதினார். பின்வந்த ஆய்வுகள் அக்கருத்துக்கு வலுவூட்டின. மலேரியா வாட்டிய நிலங்களில் இப்பண்பு மிகுந்து காணப்படுவதன் காரணமும் இதுவே. இன்று களங்கமென்று கருதப்படுவது ஒருகாலத்தில் முன்னோர்க்குக் காவலாய் நின்றது.

எனினும் இன்சொல் உண்மையை மறைக்கும் திரையாகிவிடலாகாது. பண்புடைய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்குக் கடுநோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. முதற்குழந்தை நலமாய்ப் பிறந்தது என்பதால் அடுத்ததற்கு அவ்வாய்ப்புக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இதனைத் திருமணத்துக்கு முன்பே அறிந்து, மருத்துவரைக் கலந்து முடிவெடுப்பதற்காகவே சோதனை நடைபெறுகிறது. ‘நோய் கடத்தி’ என்ற பெயருக்கு அஞ்சி முடிவுத் தாளைப் பெட்டியடியில் ஒளித்துவைக்கும் குடும்பத்துக்கு அச்சோதனையால் விளையும் பயன் யாது? ‘பண்புடையவள்’ என்று கேட்ட மகளோ, பெண் பார்க்க வருவோரிடமும் அதனைக் கூசாமல் கூறுவாள். அவர்தம் மகனையும் சோதித்துக்கொள்ளுமாறு கேட்பாள்.

மரபணுவை மாற்றுவது தமிழாசிரியர் கையில் இல்லை. சொல்லை மாற்றுவது அவர் கையிலேயே உள்ளது. அடுத்தமுறை ஒரு தந்தை அந்தத் தாளோடு பள்ளி வாயிலில் வந்து நிற்கும்போது, அவர் காதில் முதலில் விழும் சொல் எதுவாக இருத்தல் வேண்டும் என்பதை இன்றே முடிவுசெய்துகொள்வது நன்று.