பஹ்லவரும் பல்லவரும்: பெயரொப்புமை வரலாறாகுமா?

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்பர். உடன்பிறந்தார் மூவருள் மூத்தவன் இம்மலையிற் குடியேறினான் என்பது அவர்தம் வழிவழிச் செய்தியின் ஒரு வடிவம். காஞ்சியை ஆண்ட பல்லவரோ ஈரானிய மரபினராகிய பஹ்லவரின் வழித்தோன்றல்கள் என அறிஞர் சிலர் எழுதினர். முன்னதைக் கதை என்றும், பின்னதைக் கொள்கை என்றும் வழங்குதல் நம்மிடை மரபாயிற்று. இரண்டனையும் ஒரே உரைகல்லில் உரைத்துக் காண்டல் வேண்டும் என்பதே எம் கருத்து.

பஹ்லவர் என வடநூல்கள் குறிப்போர் பார்த்தியர் ஆவர். கி.மு. 247ஐ ஒட்டி அர்சக மரபினர் தோற்றுவித்த அவர்தம் அரசு, முதலாம் மித்திரதாதன் காலத்தில் மெசபொத்தேமியா வரை பரந்தது, கி.மு. 53இல் கர்ரே என்னுமிடத்தில் உரோமப் பெரும்படையை முறியடித்தது. பின்னர் அரசுரிமைப் பூசல்களும் உரோமரோடு ஓயாது நிகழ்ந்த போர்களும் அதன் வலிமையை அரித்தன. கி.பி. 224இல் சாசானிய மரபின் முதல்வனாகிய அர்தசீர் அதனை வீழ்த்தினான்.

இம்மரபினர் மேலை இந்தியாவை அடைந்தமை ஐயத்திற்கு இடமற்றது. கி.பி. 150ஐச் சார்ந்த உருத்திரதாமனின் சூனாகத்துக் கல்வெட்டு, சுதரிசன ஏரியின் உடைந்த கரையைச் செப்பனிடுவித்த சுவிசாகன் என்னும் பஹ்லவ அமைச்சனைப் புகழ்கின்றது. ஆண்டிருந்து காஞ்சிக்கு வழி வகுக்க முயன்றவர்கள் லூயிஸ் ரைசு, வெங்கையா முதலாயினோர். அவர்தம் முதற் சான்று பெயரொப்புமையே.

அச்சான்றின் வலிமையை நோக்குவோம். கௌதமிபுத்திர சாதகர்ணியின் வெற்றிகளைக் கூறும் நாசிக் பிராகிருதக் கல்வெட்டில் அப்பெயர் 'பல்ஹவ' என்றே காணப்படுகின்றது. அஃதாவது, பிராகிருத வழக்கிலும் ஹகர ஒலி நின்றது. பல்லவரின் தொடக்ககாலப் பிராகிருதச் செப்பேடுகளிலோ அவ்வொலி இல்லை. இடைப்பட்ட காலத்தில் ஒலி தேய்ந்திருக்கலாம் எனின், அத்தேய்வைக் காட்டும் இடைநிலை வடிவம் வேண்டும். மேலும், அச்செப்பேடுகள் பல்லவரைப் பாரத்துவாச கோத்திரத்தார் என்கின்றன; ஈரானிய மரபை எங்கும் சுட்டவில்லை. பத்தாம் நூற்றாண்டினராகிய இராசசேகரர் பஹ்லவரை வடபுலத்தும் பல்லவரைத் தென்புலத்தும் வேறுவேறாக வைத்தெண்ணினார். அவர் காலத்தால் பிற்பட்டவர் ஆதலின், அவர் கூற்றைத் துணைச்சான்றாக மட்டுமே கொள்கின்றோம்.

காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிற் சிற்பத்தில் நந்திவர்மனுக்குரிய முடி யானைத்தலை போன்றிருத்தலையும், பாக்திரிய வேந்தன் தெமெத்திரியனின் காசுகளில் அத்தகைய முடி காணப்படுதலையும் சிலர் இணைத்துக் காட்டினர். தெமெத்திரியன் கிரேக்கன், பார்த்தியன் அல்லன். இருவர்க்கும் இடையே ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. இச்சான்று நில்லாது.

இனி, 'பல்லவம்' என்பது தளிர். 'தொண்டை' என்பது ஒரு கொடி. ஆதலின் பல்லவர் என்பது தொண்டையர் என்பதன் மொழிபெயர்ப்பே என்பாரும் உளர். பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் காஞ்சியாண்ட தொண்டைமான் இளந்திரையன் ஆதலின், இக்கருத்துத் தமிழ் நெஞ்சிற்கு இனிதாக உள்ளது. இனிமை சான்றாகாது. இதுவும் சொற்பொருள் ஒப்புமையே ஆதலின், பஹ்லவக் கொள்கைக்கு நாம் விதித்த தடை இதற்கும் உரியது.

பெயரை மட்டும் நம்புதல் எத்துணைப் பிழைபடும் என்பதற்குச் சேர்வராயன் மலையே எடுத்துக்காட்டு. 'மலையாளி' என்னும் பெயரை மட்டும் நோக்குவோன் இம்மக்களைச் சேரநாட்டினின்று வந்தோர் எனத் துணிவான். அவர்தம் பேச்சோ தமிழ். அவர்தம் வழிவழிச் செய்தி சுட்டுவதோ காஞ்சி. பெயரோ மலையில் வாழ்வோர் எனப் பொருள்படும். மொழியும் வழக்கும் இன்று நம் கண்முன் இருத்தலால் இப்பிழையினின்று தப்பினோம். பல்லவர் திறத்தில் அவ்வாறு தடுப்பார் இலர்.

ஆயினும் காஞ்சிச் செய்தியை அப்படியே வரலாறாகக் கொள்ளுதலும் பொருந்தாது. ஒரு பெருநகரைத் தம் பிறப்பிடமாகக் கூறுதல் குடிப்பெருமைக்குத் துணையாதல் உண்டு. பல்லவர்க்குத் தொலைநாட்டுப் பேரரசொன்றை முன்னோராகத் தேடிய ஆராய்ச்சியிலும் அவ்வுள்ளக் கிடக்கை இல்லையெனச் சொல்லுதற்கியலாது. பெருமை எங்கிருந்தோ வந்ததாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது.

மண்ணோ வேறு கூறுகின்றது. 1863இல் பல்லவர் பெயர் தாங்கிய பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூசு ஃபூட், பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். சேர்வராயன் மலையின் புதிய கற்காலத் தீட்டிய கோடரிகளையும் அவர் தொகுத்தார். அவர்தம் தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அக்கோடரிகளைச் செய்தோரே இன்றைய மலைமக்களின் முன்னோர் என யாம் கூறவில்லை. அதற்கும் சான்று வேண்டும். காஞ்சிக்கு முன்னரே இம்மலையில் மக்கள் வாழ்ந்தனர் என்பது மட்டும் உறுதி.

ஆதலின் பஹ்லவக் கொள்கை மெய்ப்பிக்கப்பெறாத கருத்து என்னும் அளவிலேயே நிற்றற்குரியது. மலைமக்களின் செய்தியோ இன்னும் முறையாகத் தேர்ந்து ஆராயப்பெறல் வேண்டும். அதன் வடிவங்களை ஊர்தோறும் தொகுத்து, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை வழக்குகளை ஒப்பிட்டு நோக்குதல் தமிழாய்வாளர் கடன். அப்பணி முடியுமுன் அதனை வெறுங்கதை எனத் தள்ளுதல் நடுவுநிலை ஆகாது.